மூளைக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய்: குடும்பத்தார் அறிய வேண்டியவை



மார்பகப் புற்றுநோய் என்றால் கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது பற்றித்தான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இந்த இதழில் அதற்கு அடுத்த, கொஞ்சம் கடினமான பாடத்தை எடுத்துக்கொள்கிறோம். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, ஓராண்டோ ஐந்தாண்டோ கழித்து, "நோய் மூளைக்குப் போயிருக்கிறது" என்று டாக்டர் சொன்னால் வீட்டார் என்ன செய்ய வேண்டும்? 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. எல்லோருக்கும் அது மூளைக்குப் பரவுவதில்லை. ஆனாலும் பரவும் குடும்பங்களுக்கு அந்தச் செய்தி இடிபோல வந்து விழுகிறது.

அந்த நேரத்தில் பொதுவாக இரண்டில் ஒன்று நடக்கிறது. "இனி ஒன்றுமில்லை" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறார்கள். அல்லது நகையை விற்று, வீட்டை அடகு வைத்து, யார் எந்த ஊர் சொன்னாலும் அங்கே ஓடுகிறார்கள். மூளைக்குப் பரவிவிட்டால் எல்லோருக்கும் ஒரே கதைதான் என்ற எண்ணமே இரண்டுக்கும் காரணம். அது சரியல்ல. 2,400க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை வைத்து அமெரிக்க மருத்துவர்கள் 2020இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மூளைப் பரவலுக்குப் பிறகு சாதகம் குறைந்த பிரிவினரின் இடைநிலை ஆயுள் 6 மாதம். சாதகம் கூடிய பிரிவினருக்கு 36 மாதம். அதாவது ஒவ்வொரு பிரிவிலும் பாதிப்பேர் அந்தக் காலத்தையும் தாண்டி வாழ்ந்தார்கள். ஆயுள் அல்லாஹ்வின் கையில். ஆனால் ஒரே பெயருள்ள நோயில் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, நம் வீட்டுப் பெண் எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் கடமை.

இது எப்படிப்பட்ட நோய்?

மார்பகத்தில் பிறந்த புற்றணுக்கள் இரத்தத்தின் வழியே போய் மூளையில் தங்கி வளர்வதுதான் இது. மூளையில் புதிதாகப் பிறந்த புற்றுநோய் வேறு, இது வேறு. மூளையில் இருந்தாலும் இது மார்பகப் புற்றுநோய்தான். எனவே முதல் ஆபரேஷனின்போது கொடுத்த பயாப்ஸி அறிக்கை இப்போது மிக முக்கியமாகிறது. அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று வரிகள் இருக்கும். முதல் இரண்டும் ஹார்மோனால் வளரும் நோயா என்று சொல்கின்றன. மூன்றாவது, ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று சொல்கிறது. மூன்றுமே இல்லையென்றால் 'டிரிபிள் நெகட்டிவ்' என்பார்கள்.

ஹெர்-2 வகையும் டிரிபிள் நெகட்டிவ் வகையும் மூளைக்குப் பரவும் வாய்ப்பு அதிகம். ஹார்மோன் வகையில் அது குறைவு. இந்த அறிக்கையைப் பழைய தாள் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் கேட்டு நகல் வாங்குங்கள். பரிசோதனைக்கு எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள்; அதற்கு 'பிளாக்' என்று பெயர். டாக்டர் மறுபரிசோதனை கேட்டால் அதையும் வாங்கிப் போக வேண்டியிருக்கும்.

எந்த அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்?

ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவருக்குக் கீழ்க்கண்டவற்றில் ஏதாவது புதிதாகத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம்.

• நாளுக்கு நாள் கூடும் தலைவலி. குறிப்பாகக் காலையில் எழும்போதும் குனியும்போதும் அதிகமாவது
• காரணமில்லாத வாந்தி
• வலிப்பு
• ஒரு பக்கக் கை கால் பலம் குறைவது, நடையில் தள்ளாட்டம்
• பேச்சு குழறுவது, வார்த்தை வராமல் தடுமாறுவது
• பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது
• குணம் மாறுவது: அமைதியானவர் காரணமின்றிக் கோபப்படுவது, எதிலும் ஒட்டாமல் இருப்பது, மறதி, குழப்பம்

கடைசியாகச் சொன்னதில் ஒரு எச்சரிக்கை. மூளையின் முன்பகுதியில் கட்டி இருந்தால் குணம்தான் முதலில் மாறும். அதைக் கண்ணேறு என்றும், ஏதோ பிடித்திருக்கிறது என்றும் நினைத்து, ஓதிப் பார்ப்பதிலேயே வாரக்கணக்கில் கழித்துவிடுவதுண்டு. ஓதுவதை யாரும் தடுக்கவில்லை. ஷிஃபா தருபவன் அல்லாஹ்தான். அத்துடன் அன்றைக்கே டாக்டரிடமும் காட்டுங்கள். தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவதும் இதே தவறுதான்.

வலிப்பு வந்தால்: பக்கத்தில் உள்ள கூர்மையான பொருட்களை அகற்றி, அவரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கழுத்துத் துணியைத் தளர்த்துங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை. பல்லுக்கிடையில் கரண்டி வைப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமல் அடுத்த வலிப்பு வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். முதல் தடவையாக வந்த வலிப்பு நின்றுவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் சில நாட்கள்

நோயை உறுதிப்படுத்த மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவை. சாதாரண சி.டி. ஸ்கேனில் சிறிய கட்டிகள் தெரியாமல் போகலாம். எத்தனை கட்டி, எவ்வளவு பெரிது, எந்த இடம் என்பதை எம்.ஆர்.ஐ. காட்டும்.

கட்டியைச் சுற்றி மூளையில் நீர் கோத்து வீங்குவதால்தான் பெரும்பாலும் தலைவலியும் வாந்தியும் வருகின்றன. இந்த வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பலருக்கு ஓரிரு நாளிலேயே நல்ல தெளிவு தெரியும். "நோய் குணமாகிவிட்டது" என்று அப்போது நினைத்துவிடக் கூடாது. வீக்கம்தான் வடிந்திருக்கிறது, கட்டி அப்படியே இருக்கிறது. அடுத்த சிகிச்சைக்குக் கிடைத்த அவகாசம் அது.

இந்த மாத்திரையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டு, சர்க்கரையை ஏற்றிவிடும். சர்க்கரை நோய் உள்ளவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாதவரும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும். மூன்று, சாப்பிட்ட பிறகு போட வேண்டும். இரவில் போட்டால் தூக்கம் கெடும் என்பதால் பெரும்பாலும் காலையிலும் மதியமும் தருவார்கள்.

ஆபரேஷனும் கதிர்வீச்சும்

ஒரே ஒரு கட்டி, எடுக்கக்கூடிய இடம், உடலிலும் தெம்பு இருக்கிறது என்றால் ஆபரேஷன் பயன் தரும். 1990இல் வெளியான பேட்சல் குழுவினரின் ஆய்வு இதில் ஒரு திருப்பம். பல வகைப் புற்றுநோய்களிலிருந்து மூளைக்குப் பரவிய ஒற்றைக் கட்டி உள்ள 48 பேரை அவர்கள் இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15 வாரம். ஆபரேஷனும் செய்தவர்களுக்கு 40 வாரம். பெரிய கட்டி மூளையை அழுத்தும்போதும் ஆபரேஷன் தேவைப்படலாம். எடுத்த கட்டியை மறுபடி ஹெர்-2, ஹார்மோன் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். மார்பகத்தில் இருந்த வகையும் மூளையில் இருக்கும் வகையும் சிலருக்கு மாறியிருக்கும். அதற்கேற்ப மருந்தும் மாறும்.

கதிர்வீச்சை நம் மக்கள் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். மின்சாரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஷாக் அடிக்காது, வைக்கும்போது வலியும் இருக்காது. மூளைக்கு இதில் இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறையில் கட்டி இருக்கும் இடத்தை மட்டும் குறிவைத்து, ஒரே நாளிலோ சில நாட்களிலோ அதிக அளவு கதிரைப் பாய்ச்சுவார்கள். இதற்கு 'ரேடியோ சர்ஜரி' என்று பெயர். பெயரில் சர்ஜரி இருந்தாலும் கத்தி இல்லை. காமா நைஃப், சைபர் நைஃப் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அவை இதற்கான கருவிகளின் பெயர்கள். உரிய வசதி செய்யப்பட்ட லினியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்திலும் இதையே செய்யலாம். ஆகவே காமா நைஃப் இருக்கும் ஊருக்குத்தான் போயாக வேண்டும் என்பதில்லை.

இரண்டாம் முறையில் மூளை முழுவதற்கும் கதிர் கொடுப்பார்கள். பெரும்பாலும் 5 அல்லது 10 நாள். கட்டிகள் நிறைய இருந்தால் இது தேவைப்படும். முடி கொட்டும், அசதி இருக்கும், பிறகு மறதி வரலாம். 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒன்று முதல் மூன்று கட்டி வரை உள்ள 213 பேரை ஒப்பிட்டார்கள். குறிவைத்த கதிர் மட்டும் பெற்றவர்களில் 100க்கு 64 பேருக்கு 3 மாதத்தில் நினைவாற்றல், சிந்தனைத் திறன் ஏதாவது ஒரு வகையில் குறைந்தது. முழு மூளைக்கும் சேர்த்துப் பெற்றவர்களில் 100க்கு 92 பேருக்குக் குறைந்தது. ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனவே கட்டிகள் குறைவாக இருந்தால், "குறிவைத்து மட்டும் கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். முழு மூளைக்கும் தேவை என்றால், நினைவுக்கான பகுதியைத் தவிர்த்துக் கொடுக்கும் முறையும் மெமன்டின் என்ற மாத்திரையும் பொருந்துமா என்று கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் மறதி குறைகிறது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது.

மருந்துகள்

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுற்றி இயற்கையான ஒரு காவல் இருக்கிறது. கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாமல் அது தடுக்கும். அல்லாஹ்வின் படைப்பில் அது ஒரு ரஹ்மத். ஆனால் அதே காவல் பல கீமோ மருந்துகளையும் தடுத்துவிடுகிறது. உடலின் மற்ற இடங்களில் நோய் அடங்கியிருக்கும்போதே மூளையில் மட்டும் வளர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெர்-2 வகையில் கடந்த சில ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம் வந்திருக்கிறது. லாபாடினிப் மாத்திரையுடன் கேபசைடபின் மாத்திரை சேர்த்துக் கொடுத்தபோது மூளைக் கட்டிகள் சுருங்குவதை 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. பிறகு டுகாடினிப் மாத்திரை வந்தது. 2019இல் வெளியான அதன் ஆய்வில் இருந்த 612 பேரில் 291 பேருக்கு மூளைப் பரவல் இருந்தது. டிராஸ்டுஜுமாப், கேபசைடபின் ஆகியவற்றுடன் டுகாடினிப்பும் பெற்ற மூளைப் பரவல் நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு ஓராண்டு முடிவிலும் நோய் முன்னேறவில்லை. டுகாடினிப் இல்லாத பிரிவில் அப்படி ஒருவரும் இல்லை. 2024இல் டிராஸ்டுஜுமாப் டெரக்ஸ்டிகன் என்ற ஊசியை மூளைப் பரவல் உள்ள 263 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், 100க்கு ஏறத்தாழ 72 பேருக்கு மூளைக் கட்டி சுருங்கியது.

இந்த ஊசி விலை மிகுந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் இதற்குச் சுங்கவரி விலக்கு அளித்தும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான். ஆனால் பழைய டிராஸ்டுஜுமாப் ஊசியை 2014 முதல் நம் நாட்டு நிறுவனங்களும் தயாரித்து விற்கின்றன. "இதே மருந்தின் இந்தியத் தயாரிப்பு இருக்கிறதா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஹார்மோன் வகைக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகள் தொடரும், தேவைப்பட்டால் மாறும். டிரிபிள் நெகட்டிவ் வகையில் வழிகள் குறைவு. ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ ஆகியவற்றையே நம்ப வேண்டியிருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

எங்கே போவது, செலவுக்கு என்ன செய்வது?

காரைக்காலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. புற்றுநோய் மருந்து, கதிர்வீச்சு, மூளை அறுவைச் சிகிச்சை எல்லாத் துறைகளும் அங்கே ஒரே வளாகத்தில் உள்ளன. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையே அவரை அதற்குத் தூண்டியது. இன்றும் ஏழைகளுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் சிகிச்சை தரும் அறநிறுவனம் அது.

மூளை டாக்டர், கதிர்வீச்சு டாக்டர், மருந்து டாக்டர் மூவரும் சேர்ந்து பார்க்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது கருத்து கேட்பது நல்லது. ஐந்தாவது, ஆறாவது கருத்துக்கு அலைந்தால் காலமும் காசும்தான் போகும்.

ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நம்மில் பலருக்கு நாகூர், நாகப்பட்டினத்தில் சம்பந்தம் உண்டு. அங்கே ரேஷன் அட்டை உள்ளவருக்குத் தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். காரைக்கால் அட்டைதாரருக்கு அது பொருந்தாது. எந்த அட்டையில் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு; உடன் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் கையெழுத்து வாங்கி முன்பதிவு கவுண்டரில் கொடுக்க வேண்டும்.

அவரிடம் கேட்டீர்களா?

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியப் பகுதி. நம் வீடுகளில் மச்சான் சவூதியில், மகன் சிங்கப்பூரில் அல்லது பிரான்சில் இருப்பார். போனிலேயே எல்லாம் பேசி முடிவாகும். "உம்மாவுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டார்" என்பார்கள். பாசத்தால்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோய் இருப்பது மூளையில். இன்று தெளிவாகப் பேசுகிறவர் மூன்று மாதம் கழித்தும் அப்படியே பேசுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லும் காலம் இப்போதுதான்.

அவருக்குக் கடன் இருக்கலாம். யாருக்கோ கொடுத்ததும் இருக்கலாம். அமானிதமாக வைத்திருக்கும் பொருள் இருக்கலாம். வஸிய்யத் செய்ய நினைக்கலாம். மகளிடம் தனியே பேச வேண்டியது இருக்கும். முழு மூளைக்குக் கதிர் வைத்தால் மறதி வரலாம் என்று தெரிந்தால், "பேரப்பிள்ளைகளின் பேர் மறக்காமல் இருந்தால் போதும்" என்று அவர் வேறு வழியைக் கேட்கலாம். அல்லது, "எதுவானாலும் செய்யுங்கள், நான் தாங்குவேன்" என்றும் சொல்லலாம். அவருடைய உடல், அவருடைய நாட்கள். முடிவில் அவருக்குத்தான் முதல் உரிமை.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. "டாக்டர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, லாத்தா?" என்று அவருக்கு நெருக்கமான ஒருவர் மெதுவாகக் கேட்கட்டும். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள். பொய் மட்டும் வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே ஊகித்துத்தான் இருப்பார்கள். நம்மை வருத்த வேண்டாம் என்று அவர்களும் மறைப்பார்கள்.

தொழுகையும் நோன்பும்

ருகூவிலும் சுஜூதிலும் குனியும்போது தலைவலி கூடினால் உட்கார்ந்தோ படுத்தோ சைகையால் தொழலாம். வலிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் நேரம் தவறாமல் போட வேண்டியவை. ரமளானில் அவற்றை விட்டுவிட்டு நோன்பு பிடிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். ஃபித்யா பற்றி ஆலிம்களிடம் கேட்டு நிறைவேற்றுங்கள். "நோன்பு விட்டுப்போச்சே" என்று அவர் அழுதால், சலுகையை ஏற்பதும் இபாதத்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வலியில்லாமல் பார்த்துக்கொள்வது

சிகிச்சை நடக்கும்போதே வலி, வாந்தி, தூக்கமின்மை, மனக் கவலை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மருத்துவம் தனியே உண்டு. வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை என்பார்கள். இது கடைசி நாளுக்கானது என்று நினைக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே கேட்டுப் பெறலாம். கடும் வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். அவர் சொல்லும் அளவில் கொடுத்தால் அது நோயாளியைப் போதைக்கு அடிமையாக்காது.

கேரளத்தில் இதை ஊரே சேர்ந்து செய்துகாட்டியிருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சிறிய அளவில் தொடங்கியது. பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் சாதாரண மக்களே பயிற்சி பெற்று, நர்சுடன் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அதுதான் முதல். பெரிய பணம் தேவைப்பட்ட வேலையல்ல இது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கும் மனிதர்கள்தான் தேவைப்பட்டார்கள். நம் தெருக்களிலும் அப்படிப்பட்ட சகோதரிகள் இருக்கிறார்கள்.

டாக்டரிடம் போகும்போது

பயாப்ஸி அறிக்கை, பழைய சிகிச்சைத் தாள்கள், எம்.ஆர்.ஐ. படமும் சி.டி.யும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், காப்பீட்டு அட்டை ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

1. இவருடைய நோய் எந்த வகை? ஹெர்-2 உண்டா?
2. மூளையில் எத்தனை கட்டி? ஆபரேஷனுக்கு வழி உண்டா?
3. குறிவைத்த கதிர்வீச்சு போதுமா, முழு மூளைக்கும் தேவையா? ஏன்?
4. உடலின் மற்ற இடங்களில் நோய் எப்படி இருக்கிறது? மருந்து மாற வேண்டுமா?
5. இந்தச் சிகிச்சையால் அவருக்கு என்ன நன்மை எதிர்பார்க்கலாம்? என்ன கஷ்டம் வரும்?
6. சிகிச்சை வேண்டாம் என்று முடிவு செய்தால், வலியில்லாமல் இருக்க என்ன செய்வீர்கள்?

ஐந்தாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்த பிறகு வீட்டை விற்பது பற்றி யோசியுங்கள். சில நேரம் அந்தப் பதில், செலவு குறைந்த சிகிச்சையே போதும் என்று சொல்லும். வேறு சில நேரம், இன்னும் பல மாதங்களுக்கு வழி இருக்கிறது, கைவிடாதீர்கள் என்று சொல்லும். இரண்டையும் கேட்கத் தயாராகப் போங்கள். முடிந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கேளுங்கள்.

நோயுற்ற எல்லாச் சகோதரிகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்குப் பொறுமையையும் தெளிவான முடிவெடுக்கும் அறிவையும் தருவானாக. ஆமீன்.